தறிச் சத்தத்தில் படித்தவளுக்கு டிவி சத்தத்தில் புரூஃப் ஓடவில்லை, ஏன்?

கேள்வி: தறிவீட்டுப்பெண்

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பாதி சொன்னால் பாதி பதில்தான் கிடைக்கும் என்பதால் முழுசாகவே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு 43 வயது. வீட்டிலிருந்தபடியே பதிப்பகங்களுக்குப் புரூஃப் பார்த்து, அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்திக் கொடுக்கிறேன். பதினாறு வருடத் தொழில். பிறந்தது பள்ளிபாளையம். அப்பாவுக்கு நாலு விசைத்தறி. வீட்டுச் சுவரும் பட்டறைச் சுவரும் ஒன்றுதான். கண் விழிப்பதும் கண் மூடுவதும் அந்த ‘தடக் தடக்’கில்தான். பத்தாவதுக்கும் பன்னிரண்டாவதுக்கும் அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதான் படித்தேன், முதுகில் அதிர்வு தெரியும். கரண்ட் போய்த் தறி நின்றால்தான் எங்கள் வீட்டில் தொட்டில் குழந்தை விழித்து அழும்.

இப்போது சென்னையில் அடுக்குமாடி, இரண்டு படுக்கையறை வீடு. போன தை மாதத்திலிருந்து அத்தை (மாமியார்) எங்களோடு இருக்கிறார். முட்டி வலி, வெளியே போக முடியாது, காதும் கொஞ்சம் மந்தம். டிவிதான் அவருக்குத் துணை. மதியச் சாப்பாடு முடிந்து சீரியல் ஆரம்பித்தால் நடுவில் ஒரு தூக்கம், அப்புறம் ராத்திரி ஒன்பதரை வரை ஓடும். நான் வேலை பார்ப்பது ஹாலை ஒட்டிய சாப்பாட்டு மேஜையில்.

போன மாதம் ஒரு சிறுகதைத் தொகுப்பு, ஃபைனல் புரூஃப். ‘ஏரிக்கரை’ என்பது ‘ஏரிக்கறை’ என்று ஒரு இடத்தில் இருந்திருக்கிறது, நான் கடந்து போயிருக்கிறேன். அதே பக்கத்தில் ஒரு வரி இரண்டு தடவை வந்திருக்கிறது, அதையும் பார்க்கவில்லை. ஆயிரம் பிரதி அச்சாகிவிட்டது. பதிப்பாளர் கோபப்படவில்லை. “உங்ககிட்ட இப்படி வந்ததே இல்லையேம்மா” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அதற்கு அடுத்த வாரம் நடந்ததுதான் என்னைப் பயமுறுத்தியது. “அவன் கதவைச் சாத்திவிட்டுப் போனான்” என்று சரியாக இருந்த வாக்கியத்தில், சிவப்புப் பேனாவால் ‘அவள்’, ‘போனாள்’ என்று நானே திருத்தி வைத்திருந்தேன். மறுநாள் காலையில் பார்த்தபோது கை நடுங்கிவிட்டது. யோசித்தால், அந்த நேரத்தில் சீரியலில் ஒரு மருமகள் வீட்டை விட்டுப் போய்க்கொண்டிருந்தாள். நான் பார்க்கவும் இல்லை, கவனித்துக் கேட்கவும் இல்லை. எப்படியோ உள்ளே வந்து என் பேனா வழியாக இறங்கியிருக்கிறது.

சத்தம் அதிகமா என்றால் அதுவும் இல்லை. ஊருக்குப் போனபோது தம்பி பட்டறையில் போனில் சத்தம் அளக்கும் ஆப்பைப் போட்டுப் பார்த்தேன். பட்டறைக்குள் 95 டெசிபல். சுவருக்கு இந்தப் பக்கம், நான் படித்த அதே இடத்தில், 74. சென்னையில் என் மேஜையில் டிவிச் சத்தம் 58. ஆப் துல்லியமாக இருக்காது, ஆனாலும் வித்தியாசம் எவ்வளவு பாருங்கள். 74-ல் வேதியியல் மனப்பாடம் செய்தவளுக்கு 58-ல் ஒரு பக்கம் ஓடமாட்டேன் என்கிறது.

வயசா? காது கெட்டுவிட்டதா? இல்லை, அத்தை மேல் எனக்கே தெரியாமல் மனசுக்குள் ஒரு எரிச்சல் இருந்து, அதைத்தான் சத்தத்தின் மேல் போடுகிறேனா? இந்தக் கடைசிக் கேள்வி ராத்திரியில் தூங்கவிடவில்லை. அவர் எனக்கு ஒரு குறையும் வைத்ததில்லை.

இன்னொன்று. பத்தாவது படிக்கும் என் மகன் காதில் பாட்டைப் போட்டுக்கொண்டுதான் கணக்கும் போடுகிறான், வரலாறும் படிக்கிறான். அவன் அப்பா திட்டுகிறார். நான் யார் பக்கம் பேசுவது?

*

பதில்: உளவியல்வாத்தியார்

வணக்கம் சகோதரி. கல்லூரியில் உளவியல் சொல்லிக்கொடுக்கிறேன். ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் கேள்விக்கு முதலில் பதில்: அத்தை மேல் எரிச்சலே இல்லாவிட்டாலும் உங்களுக்கு இந்தப் பிழைகள் வந்திருக்கும். இது ஐம்பது வருடமாக ஆய்வுக்கூடத்தில் திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம்.

1976-ல் அமெரிக்காவில் கோல், வெல்ஷ் என்ற இரண்டு பேர் ஒரு சோதனை செய்தார்கள். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வரும். வந்த வரிசையிலேயே நினைவில் வைத்துத் திருப்பி எழுத வேண்டும். பின்னணியில் ஒருவர் ஜெர்மன் மொழியில் எதையோ வாசிக்கிறார். எழுதுபவர்களுக்கு ஜெர்மன் தெரியாது, அதைக் கண்டுகொள்ள வேண்டாம் என்றும் சொல்லியாயிற்று. ஆனாலும் அமைதியில் எழுதியதைவிடப் பிழை கூடியது. காதில் விழுவது புரியாத மொழி, வேலையோ கண்ணால் பார்க்கும் வேலை, இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. அப்படியும் இடித்தது.

அதற்கப்புறம் பிரிட்டனில் கார்டிஃப் நகரத்தில் டிலன் ஜோன்ஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் இதைத் தோண்டிப் பார்த்தார்கள். ஒரே அசையை ‘க, க, க, க’ என்று ஓடவிட்டால் பெரிய பாதிப்பு இல்லை. ‘க, ம, ட, ப’ என்று மாறி மாறி வந்தால் பாதிப்பு தெரிந்தது. பேச்சாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, ஏறி இறங்கும் வெறும் ஸ்வரங்களும் அதையே செய்தன. மெல்லிய பேச்சா உரத்த பேச்சா என்பதால் பெரிதாக எதுவும் மாறவில்லை. நீங்கள் டெசிபலை அளந்துவிட்டுக் குழம்பியது இங்கேதான். இடைஞ்சல் செய்வது சத்தத்தின் அளவைவிட அதன் மாற்றம்.

காரணம் என்னவென்று கேட்டால், நமக்குள் ஒரு குரல் இருக்கிறது. நீங்கள் புரூஃப் பார்க்கும்போது எழுத்துக்கூட்டி உள்ளுக்குள் முணுமுணுப்பீர்கள் இல்லையா, அதுதான். எந்த எழுத்துக்குப் பின் எந்த எழுத்து என்ற வரிசையை அந்தக் குரல்தான் பிடித்து வைத்திருக்கிறது. காதில் மாறி மாறி ஒலி விழுந்தால், கேட்காமலே மனசு அதையும் வரிசைப்படுத்திவிடுகிறது. ஒரே களத்தில் இரண்டு வரிசை. தறியிலோ புதிதாக வரிசைப்படுத்த ஒன்றும் இல்லை, ஒரே அடி, ஒரே இடைவெளி.

உங்கள் தொழிலுக்கு இன்னும் நெருக்கமான சோதனையும் உண்டு. அதே ஜோன்ஸும் கூட்டாளிகளும் 1990-ல் புரூஃப் பார்க்கும் வேலையையே எடுத்துக்கொண்டார்கள். பின்னணியில் பொருள் புரியும் பேச்சு ஓடியபோது எழுத்துப்பிழைகள் அதிகம் கண்ணில் தப்பின. சத்தத்தைக் கூட்டியதும் குறைத்ததும் அங்கேயும் கணக்கில் வரவில்லை. ஆகத் தமிழ் சீரியல் உங்களை இரண்டு பக்கமும் பிடிக்கிறது: ஒலியும் மாறிக்கொண்டே இருக்கிறது, பொருளும் புரிகிறது. ‘போனான்’ ‘போனாள்’ ஆனதற்கு உங்கள் மனசில் வேறு எதையும் தேட வேண்டாம்.

மகன் விஷயம். பிடித்த பாட்டு, பிடிக்காத பாட்டு என்று 2011-ல் வெளியான ஒரு ஆய்வில் ஒப்பிட்டார்கள். வரிசையாக நினைவில் வைக்கும் வேலையை இரண்டுமே ஒரே அளவு கெடுத்தன. வரலாற்றுப் பாடத்துக்குப் பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள். பழகிய கணக்குகளைத் திரும்பத் திரும்பப் போடும்போது உற்சாகத்துக்கு ஓடிவிட்டுப் போகட்டும்.

கடைசியாக ஒன்று, இதைத் தள்ளிப்போடாதீர்கள். தம்பி பட்டறையில் 95 என்கிறீர்கள். எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல்தான் எல்லை என்பது அமெரிக்கத் தொழில்நல நிறுவனம் சொல்லும் பரிந்துரை. 3 டெசிபல் கூடும்போதெல்லாம் பாதுகாப்பான நேரம் பாதியாகும். அந்தக் கணக்குப்படி 95-க்கு ஒரு மணி நேரம்கூடக் கிடையாது. தம்பியைக் காதடைப்பான் போடச் சொல்லுங்கள். நீங்களும் ஒருமுறை காது சோதனை செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் லேசாகக் காது மந்தமானவர்களுக்குக் கேட்பதற்கே கூடுதல் உழைப்பு ஆகும்.

*

தறிவீட்டுப்பெண்

ஐயா, ரொம்ப நன்றி. ‘தேட வேண்டாம்’ என்ற வார்த்தையைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஒரு சந்தேகம். தறி இடைஞ்சல் செய்யவில்லை என்பது சரி. ஆனால் எனக்கு அது உதவியே செய்த மாதிரி ஞாபகம். பக்கத்து வீட்டுச் சண்டை, அம்மாவும் பெரியம்மாவும் பேசுவது, ரேடியோ, எதுவும் அந்த மூலைக்கு வராது. தறி நின்றால்தான் பயமாக இருக்கும். நூல் இல்லை, ஆர்டர் இல்லை, அப்பா திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டார் என்று அர்த்தம். ஓடினால் வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது.

*

பதில்: உளவியல்வாத்தியார்

அதைத்தான் எழுத விட்டுவிட்டேன், நீங்களே சொல்லிவிட்டீர்கள். தறி மற்ற பேச்சுகளை மூடியது. சீரான இரைச்சல் பேச்சின் மேல் போர்வை மாதிரி விழும், அசைகள் பிரிந்து கேட்காது. கல்யாண மண்டபத்தில் நூறு பேர் பேசும்போது புத்தகம் படித்துவிடலாம், பேருந்தில் பக்கத்துச் சீட்டுக்காரர் ஒருவர் போன் பேசினால் படிக்க முடியாது. பல குரல் கலந்தால் ஏற்ற இறக்கம் சமமாகிவிடுகிறது. போன் பேச்சு இன்னும் மோசம், பாதி உரையாடல்தான் நமக்குக் கேட்கிறது, மீதியை மனசு ஊகித்துக்கொண்டே இருக்கும். கார்னெல் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2010-ல் இதைச் சோதித்துக் காட்டினார்கள்.

இரண்டாவது, நீங்கள் சொன்ன பயமும் நிம்மதியும். டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற இருவர் 1960களின் இறுதியில் செய்த சோதனை இது. ஆட்களை இரைச்சலில் உட்காரவைத்து வேலை கொடுத்தார்கள். ஒரு குழுவிடம் ஒரு பொத்தானைக் காட்டி, ரொம்பத் தாங்கவில்லை என்றால் அழுத்துங்கள், சத்தம் நிற்கும் என்றார்கள். அநேகமாக யாரும் அழுத்தவில்லை. இரண்டு குழுவும் கேட்டது ஒரே இரைச்சல்தான். ஆனால் சத்தம் நின்ற பிறகு கொடுத்த வேலையில், பொத்தான் இல்லாதவர்கள்தான் அதிகம் தடுமாறினார்கள். அந்த வேலைகளில் ஒன்று என்ன தெரியுமா, புரூஃப் பார்ப்பது. எப்போது வரும் என்று தெரிந்த சத்தமும் அப்படித்தான், தெரியாமல் வருவதைவிடக் குறைவாகவே களைப்பாக்கியது.

அத்தையின் டிவியை அணைக்கும் பொத்தான் உங்கள் கையில் இல்லை. கையில் இருந்தாலும் அழுத்தமாட்டீர்கள். அந்தக் களைப்புக்கு எரிச்சல் என்று பெயர் வைத்துக்கொண்டு உங்களையே வருத்திக்கொண்டிருக்கிறீர்கள்.

*

பதில்: நாலாம்வகுப்பு டீச்சர்

தோழி, காதைப் பற்றி ஐயா எல்லாம் சொல்லிவிட்டார். நான் கண்ணைப் பற்றிக் கேட்கிறேன். நீங்கள் எந்தப் பக்கம் பார்த்து உட்காருகிறீர்கள்? டிவி முதுகுப் பக்கம் இருந்தாலும் அதன் வெளிச்சம் எதிலாவது பட்டுத் திரும்புகிறதா? நிதானமாகப் பாருங்கள். ஓரக்கண்ணில் ஒன்று அசைந்தால் தலை தானாகத் திரும்பும். திரும்பாமல் அடக்கினாலும் அந்த அடக்குவதற்கே ஒரு தெம்பு செலவாகிறது.

என் அனுபவம். என் வகுப்பறைச் சுவர் ஒரு அங்குலம்கூடக் காலியாக இருக்காது. பழங்கள், விலங்குகள், தலைவர்கள், வாய்ப்பாடு, குழந்தைகள் வரைந்தது, மேலே கயிறு கட்டித் தொங்கும் எழுத்து அட்டைகள். பார்க்க வருகிற பெரியவர்கள் எல்லாரும் பாராட்டிவிட்டுப் போவார்கள், எனக்கும் பெருமைதான். முன் வரிசையில் ஒரு பெண் குழந்தை, நான் பின்னக் கணக்கு நடத்தும்போதெல்லாம் கரும்பலகைக்கு மேலேயே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் கோபப்படாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் பார்வையிலிருந்து பார்த்தேன். மின்விசிறிக் காற்றில் ‘ஔ’ அட்டை சுழன்றுகொண்டே இருந்தது. ஒரு பக்கம் ‘ஔ’, மறுபக்கம் ஔவைப்பாட்டி. நானும் அதையே பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

அன்றைக்கே கரும்பலகைச் சுவரை மட்டும் காலி செய்தேன். படங்களைத் தூக்கி எறியவில்லை, பின்சுவருக்குக் கொண்டுபோனேன். ஓய்வு நேரத்தில் போய்ப் பார்க்கட்டும். அப்புறம்தான் ஒரு பயிற்சியில் அமெரிக்க ஆய்வு ஒன்றைச் சொன்னார்கள். கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் 2014-ல் வந்தது. 24 மழலையர் வகுப்புக் குழந்தைகள், ஆறு அறிவியல் பாடங்கள். சில பாடங்கள் படங்கள் நிறைந்த அறையில், சில வெறும் சுவர் அறையில். படம் நிறைந்த அறையில் பாடத்தை விட்டுக் கவனம் போன நேரம் சுமார் 39 சதவீதம், வெறும் சுவர் அறையில் 28. தேர்வில் சரியாகச் சொன்னது படம் நிறைந்த அறையில் 42 சதவீதம், மற்றதில் 55. நல்லது செய்வதாக நினைத்து நான் எத்தனை வருடம் எத்தனை குழந்தைகளைத் திணறவிட்டிருக்கிறேன் என்று அன்று மனசு கனத்துவிட்டது.

சத்தத்துக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன், இது எனக்கு நம்பிக்கை கொடுத்த கதை. நியூயார்க்கில் ஒரு பள்ளிக்கூடம், உயரப் பாலத்தில் ஓடும் ரயிலுக்குப் பக்கத்தில். நாலைந்து நிமிடத்துக்கு ஒரு ரயில் போகும், டீச்சர் வாயை மூடி நிற்க வேண்டும். ஆர்லின் பிரான்சாஃப்ட் என்ற பேராசிரியர் 1975-ல் கணக்கெடுத்தார். ரயில் பக்கத்து அறைகளில் படித்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள், மறுபக்கத்துப் பிள்ளைகளைவிட வாசிப்பில் ஏறக்குறைய ஒரு வருடம் பின்தங்கியிருந்தார்கள். அப்புறம் தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் வைத்தார்கள், வகுப்பறைக் கூரையில் ஒலி உறிஞ்சும் பலகை போட்டார்கள். சில வருடம் கழித்து மறுபடி பார்த்தால் இரண்டு பக்கப் பிள்ளைகளும் ஒன்றுபோலப் படித்தார்கள். பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமே இல்லை.

நம் நாட்டிலும் பள்ளிக்கூடத்தைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அரசு அறிவிக்கலாம், அங்கே பகலில் 50 டெசிபல்தான் என்று 2000-ம் வருட ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. என் பள்ளி வாசலிலேயே பேருந்து நிறுத்தம். ஏர் ஹாரன் அடித்தால் நான் ‘ஐந்தில் இரண்டு’ என்பது பின்பெஞ்சுக்கு ‘இரண்டு’ என்று மட்டும் போய்ச் சேரும்.

*

பதில்: நூலகவாசி

அக்கா, நான் குரூப் 2-க்குப் படிக்கிறேன். மாவட்ட மைய நூலகத்தில்தான் இரண்டு வருடமாக இருப்பு. தம்பிக்காக, அதாவது உங்கள் மகனுக்காக எழுதுகிறேன், நானும் ஹெட்போன் ஆள்தான்.

கணக்குப் பகுதிக்குப் பாட்டு எனக்கு ஒத்துவந்தது. பொதுத்தமிழும் அரசியலமைப்பும் படிக்கும்போது பாட்டு ஓடினால், பக்கம் முடிந்திருக்கும், என்ன படித்தேன் என்று கேட்டால் பல்லவி மட்டும்தான் வரும். ரொம்ப நாள் நான் சோம்பேறி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வரி இல்லாத வீணை, புல்லாங்குழலுக்கு மாறினேன், பரவாயில்லை. இப்போது அதையும் விட்டுவிட்டேன். தேர்வு ஹாலில் பாட்டு இருக்காது, அதையும் தம்பியிடம் சொல்லுங்கள், திட்டாமல் சொன்னால் கேட்பான்.

போனை மேஜையில் கவிழ்த்து வைப்பதும் வேண்டாம். நான் நூலக வாசலில் பைகள் வைக்கும் தட்டில் பையோடு வைத்துவிட்டு உள்ளே போகிறேன். கை தொடவில்லை என்றாலும் கண் தொட்டுக்கொண்டே இருக்கும்.

*

பதில்: கோட்டாற்றுக்காரர்

அம்மா, எனக்கு 71 வயது. உளவியல் படித்ததில்லை. எங்கள் ஊர்க்காரர் ஒருவரை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. கோட்டாறு சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர். 1907 மார்ச் 10-ம் தேதி சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு காரியங்களை ஒரே அமர்வில் கவனித்துச் செய்துகாட்டிப் பட்டம் பெற்றவர்.

அவதானத்தில் என்னென்ன இருக்கும் என்று என் தகப்பனார் சொல்லுவார். ஒருவர் நினைத்த நேரத்தில் மணி அடிப்பார், எத்தனை அடித்தது என்று கடைசியில் சொல்ல வேண்டும். ஒருவர் முதுகில் நெல்லையோ கல்லையோ எறிவார், அதையும் எண்ண வேண்டும். ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார், ஒருவர் கணக்குக் கேட்பார், ஒருவர் சதுரங்கக் காய் நகர்த்துவார். நடுநடுவே வீண்பேச்சுப் பேசிக் குலைக்கவும் பார்ப்பார்கள். இதற்குத் தமிழில் கவனகம் என்றே பெயர்.

பழகினால் டிவியையும் வென்றுவிடலாம் என்று சொல்ல வரவில்லை. எனக்குத் தோன்றுவது இது: அந்த மணி கவனகருக்கு இடைஞ்சல் இல்லை, அதுவும் அவர் வேலைதான். எண்ணப் போகிறேன் என்று முன்னமே மனசில் அதற்கு ஒரு இடம் ஒதுக்கி வைத்திருப்பார். உங்கள் சீரியலுக்கு நீங்கள் இடம் ஒதுக்கவில்லை, அது இடம் கேட்காமலே உட்கார்ந்துவிட்டது. வீட்டுப் பெரியவரோடு ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்து அந்தச் சீரியலைப் பாருங்களேன். அதற்கென்று ஒரு நேரம் கொடுத்துப் பாருங்கள். என் மருமகள் அப்படிச் செய்கிறாள். அவளோடு உட்கார்ந்து பார்க்கிற அந்த ஒன்று முடிந்தால் நானே எழுந்து அணைத்துவிடுகிறேன்.

*

தறிவீட்டுப்பெண்

மூன்று வாரம் ஆகிவிட்டது. எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

டீச்சர், முதலில் உங்களுக்கு. டிவி எனக்கு முதுகுப்பக்கம்தான், அதனால் கண்ணுக்கு ஒன்றுமில்லை என்று அடித்துச் சொல்லியிருப்பேன். நீங்கள் கேட்டதால் விளக்கை அணைத்துவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்தேன். எதிரே அறைக்குள் பீரோ, அதன் ஆளுயரக் கண்ணாடியில் டிவி முழுசாகத் தெரிகிறது. நான் பேப்பரைப் பார்த்துக் குனிந்திருக்கும்போது நெற்றிக்கு நேரே நீலமும் சிவப்பும் மாறி மாறி அடித்துக்கொண்டிருக்கிறது. எட்டு மாதமாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன்! கண்ணாடிக்கு ஒரு பழைய வாயில் புடவையைத் திரையாகத் தொங்கவிட்டேன். மேஜையைச் சமையலறைச் சுவரை ஒட்டித் திருப்பிவிட்டேன்.

கோட்டாற்று ஐயா, நீங்கள் சொன்னபடி ராத்திரி ஏழரை மணி சீரியலை அத்தையோடு உட்கார்ந்து பார்க்கிறேன். இரண்டாம் நாளே அத்தை கேட்டார், “நீ வேலை செய்யறப்ப சத்தம் இடைஞ்சலா இருக்காம்மா?” ஆமாம் என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சொன்னேன். “முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே” என்றார். அவ்வளவுதான். ஹெட்போன் வாங்கிக் கொடுத்தோம், அவருக்குப் பிடிக்கவில்லை, வாசல் மணி கேட்காது, யாராவது கூப்பிட்டால் தெரியாது என்றார், அதுவும் நியாயம்தான். அப்புறம் மகன்தான் ஒரு சின்ன ஸ்பீக்கரை டிவியோடு இணைத்து அத்தை நாற்காலிக் கைப்பிடியில் வைத்தான். காதுக்குப் பக்கத்தில் இருப்பதால் சத்தம் குறைவாக வைத்தாலே அவருக்குப் போதும். என் மேஜையில் இப்போது பேச்சு என்று தெரிகிறது, வார்த்தை பிரியவில்லை.

வேலையையும் பிரித்துக்கொண்டேன். எழுத்தெழுத்தாகப் பார்க்கும் ஃபைனல் புரூஃப் விடிகாலை நாலரையிலிருந்து ஏழு வரை. டிவி ஓடும் நேரத்தில் பக்க எண், அத்தியாயத் தலைப்பு, வரி இடைவெளி, படக்குறிப்பு சரியான படத்துக்குக் கீழே இருக்கிறதா, இந்த மாதிரி உள்குரல் தேவைப்படாத வேலை.

அப்புறம் தறி. தம்பியிடம் கேட்டு, அதே சுவருக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்த இடத்தில் போனை வைத்து 40 நிமிடம் பதிவு செய்து அனுப்பச் சொன்னேன். எதற்கு என்று ரொம்ப நேரம் கேட்டான். அதைச் சத்தம் ரொம்பக் குறைத்து ஓடவிட்டு, பழைய வேலையில் பிழைப்பட்டியல் கைவசம் இருந்த சில பக்கங்களை மகனிடம் கொடுத்து, அவனே கலைத்து எனக்குத் தர, பார்த்தேன். ஒவ்வொரு முறையும் இருபது பிழை. சீரியல் பழைய சத்தத்தில் ஓடும்போது 13 பிடித்தேன். தறிப் பதிவில் 18. விடிகாலை அமைதியிலும் 18. வாத்தியார் ஐயா, ஒருத்தியை வைத்து ஒரே தடவை செய்ததை ஆய்வு என்று சொல்லக்கூடாது என்று நீங்கள் சொல்வீர்கள், தெரியும். எனக்கு அந்த ஐந்து பிழை போதும். காது சோதனையும் செய்தேன். அதிக சுருதியில் லேசாகக் குறைந்திருக்கிறது, இப்போதைக்குக் கருவி வேண்டாம், வருடத்துக்கு ஒருமுறை பாருங்கள் என்றார்கள்.

மகன் வரலாற்றுக்குப் பாட்டை நிறுத்திவிட்டான், கணக்குக்கு வைத்திருக்கிறான். அவன் அப்பா ஒன்றும் சொல்வதில்லை.

பதிவில் ஒரு இடம் மட்டும் இருக்கிறது. இருபத்திமூன்றாவது நிமிடம். நாலு தறியில் ஒன்றில் தார் (ஊடை நூல் சுற்றிய குச்சி) தீர்ந்து நின்றுவிடுகிறது, மற்ற மூன்றும் ஓடுகின்றன. சத்தம் குறைவதுகூடச் சரியாகத் தெரியாது, தாளம்தான் மாறும். எத்தனை தடவை கேட்டாலும் அந்த இடத்தில் தலை நிமிர்ந்துவிடுகிறேன். நேற்று அப்படி நிமிர்ந்தபோது அத்தை ஹாலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். “என்னம்மா, மழையா?” என்றார். இல்லை அத்தை, எங்க அப்பா வீட்டுத் தறி என்றேன். பக்கத்தில் கொண்டுவந்து காட்டச் சொன்னார். ஸ்பீக்கரை அவர் நாற்காலிக் கைப்பிடியில் வைத்தேன். டிவியை அவரே நிறுத்திவிட்டு மீதிப் பதினேழு நிமிடமும் கேட்டார்.

தம்பி ஞாயிற்றுக்கிழமை தார் தீராத பதிவு ஒன்று அனுப்புகிறேன் என்றிருக்கிறான். காதடைப்பான் வாங்கி அனுப்பிவிட்டேன், போட்டுக்கொண்டு ஒரு போட்டோ அனுப்பினால்தான் நம்புவேன் என்று சொல்லியிருக்கிறேன்.